விரலுக்குத் தவக்காலம்

என் தம்பி லியோனார்டு முட்டாள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேற்கொண்டு நான் சொல்லப்போவதைக் கேட்டால் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

அறுபத்தெட்டாம் வருஷம். ராயபுரத்தில் அம்மா சிலுவையம்மாள், நான், லியோ என்று மூன்றே பேர். நான் மவுண்ட் ரோடில் ஒரு பெரிய ஓட்டலின் துணி அறையில் வேலை பார்த்தேன். மேஜை விரிப்பில் குழம்புக் கறை எடுப்பது, கிழிந்த நாப்கினுக்கு ஓரம் தைப்பது, இஸ்திரி போட்டு அடுக்குவது. லியோவுக்குத் துறைமுகத்தில் தார்ப்பாய் தைக்கிற வேலை. சரக்கு மூடும் பாய்கள் கிழிந்து கிழிந்து வரும். கோணூசியும் மெழுகு நூலும் வைத்துத் தைத்துத் தள்ள வேண்டும். ஆக, அக்காவும் தம்பியும் ஊரார் கிழித்ததைத் தைத்தே பிழைத்தோம்.

அவனுக்குப் பிடித்தது ஒரே ஒரு விஷயம். கிதார். சினிமா இல்லை, பீடி இல்லை, பெண் பார்க்கலாமா என்று அம்மா ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவான். கோயிலில் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறி, பாடல் குழுவுக்குக் கிதாரும் வரலாம் என்று ஆனபோது, அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். முப்பத்திரண்டு வயசு ஆம்பிளைக்குப் முதல்முதலாக நற்கருணை வாங்கி, புதுநன்மை எடுத்த பிள்ளை மாதிரி ஒரு முகம்.

மற்றவர்கள் எல்லாம் விரலிடுக்கில் பிளாஸ்டிக் சில்லு வைத்துக் கம்பியைத் தட்டி வாசிப்பார்கள். இவன் வெறும் விரல்தான். ஏன்டா என்று கேட்டால், “சில்லு வெச்சா கம்பிதான்கா கேக்குது. பாட்டு கேக்கல” என்பான். பேச்சுக்குச் சொல்லவில்லை, அதற்காக மாடு மாதிரி உழைத்தான். கம்பியை மேலே கொக்கி போட்டு இழுக்கக் கூடாது, இழுத்தால் பலகையில் அடித்து ‘சட்’டென்று கத்தும். விரல் நுனியின் ஓரச் சதையை வைத்து உள்பக்கமாக அழுத்தி, நழுவ விட வேண்டும். கிதாரின் துவாரத்துக்கு நேரே வாசித்தால் ஒரு சத்தம், கொஞ்சம் கீழே தள்ளினால் வேறு சத்தம். இதையெல்லாம் அவனாகவே கண்டுபிடித்து, ராத்திரி சாப்பாட்டில் எங்களிடம் சொல்லிச் சொல்லி எங்கள் சோற்றை ஆறவைத்தான்.

பெரிய தொல்லை விரல் தோல். நாள் முழுக்க மெழுகு நூலை இழுத்தால் நுனியெல்லாம் வெடித்துச் சொரசொரவென்று ஆகிவிடும். எஃகுக் கம்பியில் அந்தத் தோல் பட்டால், பாட்டுக்கு முன்னால் ‘சர்ரு’ என்று ஒரு உரசல் வரும். அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தான். வேலை விட்டு வந்ததும் கை கழுவி, படிக்கல்லில் நுனியைத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, அப்புறம் வாசிக்க உட்காருவான். தினமும் ஒரு மணி நேரம் வாசித்தால் கம்பியே தோலைத் தேய்த்து வழவழப்பாக்கி வைக்கும். ஊசி காலையில் கெடுத்ததைக் கம்பி சாயங்காலம் சரிசெய்யும். சோதனை என் புடவையில்தான். எனக்கு ஒரே ஒரு நைலக்ஸ் புடவை. அதன் முந்தானையில் விரலை ஓட்டிப் பார்ப்பான். நூல் சிக்கினால் மறுபடியும் கல்லுக்குப் போவான், சிக்காவிட்டால் கிதாரைத் தொடுவான். அந்தப் புடவை பாழாய்ப் போனது இவனால்தான்.

ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் புடவையை மறந்துவிடுவார்கள். உருண்டையாக, ஈரமாக, அவசரமில்லாமல் வரும். நானே மறந்திருக்கிறேன்.

எங்கள் ஓட்டலில் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு பேண்ட் உண்டு. அதன் மாஸ்டர் குட்டினோ. கோவாக்காரர், மெட்ராசிலேயே பாதி வயசைக் கழித்தவர், தனிக்கட்டை. ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு அவரை எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். பூசையில் லியோ வாசித்ததைக் கேட்டுவிட்டு வந்தவர், வஞ்சிர வறுவலில் கைவைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“டோரதி, இந்தப் பையனை எங்கே ஒளிச்சு வெச்சிருந்தே?” என்றார்.

அவருடைய கிதார்க்காரர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறப்போகிறார், ஈஸ்டர் முடிந்த கையோடு. ஜனங்கள் சாப்பிடும்போது சில்லு போட்டுத் தட்டினால் கரண்டிச் சத்தத்தோடு சேர்ந்து தலைவலிதான் வரும், இப்படி விரலால் வாசிக்கிற ஆள்தான் வேண்டும் என்றார். மானேஜர் ஒரு தடவை கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு அழைத்து வா என்று நாளும் சொல்லிவிட்டார்.

அவர் போனபிறகு லியோ என்னிடம் வந்து, “நெசமாவாக்கா? கிதார் வாசிக்கறதுக்கு சம்பளமா?” என்று கேட்டான். ஆமாண்டா என்றேன். “ஊசியே தொட வேணாமா?” என்றான். வேணாம் என்றேன். அப்போது அவன் கையைப் பார்த்துக்கொண்ட விதம் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை.

இந்த இடத்தில்தான் அவன் மூளை வேலை செய்தது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வந்து, கிதாரை உறையில் போட்டு ஆணியில் மாட்டினான்.

“தவக்காலம் முடியிற வரிக்கும் இத்தத் தொட மாட்டேன். அந்தோணியாருக்குப் பொருத்தனை” என்றான்.

“எதுக்குடா?”

“வேலை கெடைக்கறதுக்குத்தான்.”

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் தெருவில் தவக்காலத்துக்குக் கறி விடுவார்கள், கள்ளச் சாராயம் விடுவார்கள். மூலைவீட்டு இக்னேஷியஸ் வருஷா வருஷம் பெண்டாட்டியோடு சண்டையை விடுவதாகச் சொல்லி இரண்டாம் நாளே பிடித்துக்கொள்வார். கிதாரை விட்டவன் இவன் ஒருத்தன்தான். நான் கத்தினேன். “அடப்பாவி, வேலையே கிதார் வேலை, அதையா விடுவே? விரல் போயிடாதா?” அவன் கணக்குப் போட்டு வைத்திருந்தான். ஈஸ்டருக்கும் மானேஜர் கேட்கும் நாளுக்கும் நடுவில் ஒரு வாரம் இருக்கிறது, ராவும் பகலும் வாசித்தால் விரல் திரும்பிவிடும். அதனால்தான் சொன்னேன், முட்டாள் இல்லை என்று. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

தவக்காலம் பாதி தாண்டியபோது ஒரு நாள் எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு என் தோளைத் தாண்டிக் கையை எடுத்தான். முந்தானை அவன் விரலோடு போனது. மூன்று இடத்தில் நூல் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. கையைப் பிடித்துப் பார்த்தேன். ஊசி தன் வேலையை விடவில்லை, கம்பி மட்டும் விட்டுவிட்டது. ஒவ்வொரு நுனியும் பிளந்து, காய்ந்து, உப்புத்தாள் மாதிரி இருந்தது.

“கல்லுலயாவது தேயேன்டா.”

“கல்லு தேச்சா மேலதான் போவும். வழவழப்பு கம்பிதான் குடுக்கும். வுடுக்கா, அதுக்குத்தான் ஒரு வாரம் கீதே.”

அந்த ஒரு வாரமும் கைவிட்டுப் போனது ஈஸ்டருக்கு முந்தின புதன்கிழமை. மாஸ்டர் துணி அறைக்கே இறங்கி வந்தார். ஆஸ்திரேலியா போகிற கிதார்க்காரருக்குக் கப்பல் முன்னாலேயே கிளம்புகிறதாம், ஈஸ்டர் விருந்துக்கே ஆள் இல்லையாம். சனிக்கிழமை பதினொரு மணிக்கு மானேஜர் கேட்பார். வேப்பேரியிலிருந்து இன்னொருத்தனும் வருகிறான். “கவலைப்படாதே, உன் தம்பி வந்தா அவன் நிக்க மாட்டான்” என்றார்.

வீட்டுக்கு ஓடினேன். லியோ கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தான். கிதாரை அல்ல, பக்கத்தில் இருந்த அந்தோணியார் சொரூபத்தை.

“இப்பவே எடுத்து வாசிடா. மூணு நாள் இருக்கு.”

“சனிக்கெழமை ராத்திரி வரிக்கும் பொருத்தனை கீது.”

“அந்தோணியார் கோவிச்சுக்க மாட்டார்டா.”

“கோவிச்சுக்க மாட்டாருன்றதுக்காக ஏமாத்தலாமா?”

மறுநாள் வியாழன், சாமியார் காலையிலிருந்து பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்திருந்தார். தனியாகப் பேச வேறு வழியில்லை. வரிசையில் நின்று, முழங்கால் போட்டு, தம்பி கதையை ஆரம்பித்தேன். “உன் பாவத்தைச் சொல்லும்மா, தம்பியோடதை அவன் வந்து சொல்லட்டும்” என்றார். இது பாவம் இல்லை சாமி, கிதார் என்றேன். கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். பொருத்தனையை மாற்றிக் கொடுக்கலாம், கிதாரைத் தொடட்டும், பதிலுக்கு ஏழைக்குச் சோறு போடட்டும், நான் அனுமதி தருகிறேன் என்றார். பின்னால் நின்றவர்கள் இத்தனை நேரம் இவள் என்னதான் செய்தாள் என்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வெற்றி என்று வந்து சொன்னேன். லியோ தலையாட்டினான். “சாமியாரு நல்ல மனுசன். ஆனா வாக்கு நான் அவருக்கா குட்த்தேன்?”

கையில் இருந்த தட்டை அவன் மேல் எறிந்திருப்பேன், பெரிய வியாழன் என்று விட்டேன். அம்மாதான் அப்போது வாயைத் திறந்தாள்.

“எங்க காலத்துல பெரிய சனி மத்தியானமே தவசு முடிஞ்சிடும். பன்னெண்டு மணி அடிச்சா வூட்டுக்கு வூடு கறி வேவும். இப்பதான் சாமியாருங்க ராத்திரிக்கு மாத்திட்டாங்கோ. அந்தோணியாரு பழைய ஆளு. அவருக்குப் பழைய கணக்குதான்.”

லியோ சொரூபத்தைத் திரும்பிப் பார்த்தான். வேலை வேண்டும் என்று அவனுக்கும் உயிர் துடித்தது, கல் அல்லவே அவன். கடைசியில், “பன்னெண்டுன்னா பன்னெண்டு. ஒரு நிமிசம் முன்னால தொட மாட்டேன்” என்றான்.

சனிக்கிழமை பஸ்ஸில் கிதாரை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். உறையையும் தொட மாட்டான். கண்டக்டர், “இன்னாம்மா, நீயா பாடப்போறே? நைனா சும்மா கைய வீசிகினு வர்றாரே” என்றான். வாயை மூடிக்கொண்டு டிக்கெட் கொடு என்றேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் ஈஸ்டருக்காக நான் இஸ்திரி போட்ட வெள்ளை விரிப்புகள் விரித்திருந்தன. மானேஜர் ஒரு மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மாஸ்டரைத் தனியே இழுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், லியோவைப் பார்த்தார், மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு மானேஜரிடம் போய், முதலில் வேப்பேரிக்காரன் வாசிக்கட்டும் என்றார். அவன் வாசித்தான். நல்ல பையன், சில்லு வைத்துத்தான் வாசித்தான், சுத்தமாக, பயமில்லாமல். பாட்டின் மேல் பாட்டாக மாஸ்டர் கேட்டுக்கொண்டே இருந்தார், பன்னிரண்டு ஆகட்டும் என்றுதான். அந்த நல்ல மனுஷனுக்கு மாதா துணையிருக்கட்டும்.

நடுவில் எங்கள் கிதாரை அவரே எடுத்துச் சுருதி கூட்டினார். விரலால் இரண்டு தடவை மீட்டிப் பார்த்தார். நன்றாகத்தான் பேசியது. லியோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டே இருந்தான்.

கூடத்துக் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. லியோ சிலுவை போட்டுக்கொண்டு கிதாரை வாங்கினான்.

முதல் கம்பியிலேயே தெரிந்துவிட்டது. ‘சர்ரு’ என்று ஒரு உரசல், அதற்கப்புறம்தான் சுரம். அவனுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தான். கையைத் துவாரத்துக்கு மேலே கொண்டுபோனான், உரசல் குறைந்தது, சத்தமும் குழைந்துபோனது. கீழே கொண்டுவந்தான், தகரம் தட்டுகிற மாதிரி ஆனது. விரலைச் சாய்த்தான், நிமிர்த்தினான். வெடித்த தோல் கம்பியில் மாட்டி மாட்டி, தாளம் ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை பிந்தியது. இடது கை நுனியும் மெலிந்துபோயிருந்ததால் அழுத்த முடியாமல் கம்பி கிர்ரென்றது. அவன் நிறுத்தவில்லை. பாட்டை முழுக்க வாசித்து முடித்தான். வலித்திருக்கும், நடு விரலில் ரத்தம் கசிந்திருந்தது.

மானேஜர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். மாஸ்டரிடம், “முதல் பையனே இருக்கட்டும், நாளைக்கு வரச் சொல்லிவிடு” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவருக்கு வேறு வேலை இருந்தது.

வேப்பேரிக்காரன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். மாஸ்டர் லியோவின் வலது கையைப் பிடித்து நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

“விடணும்னா வேற எதையாவது விட்டிருக்கக் கூடாதாப்பா? பீடி, சினிமா, ஏதாவது?”

“அதெல்லாம் எனக்கு இல்ல மாஸ்டர்” என்றான் லியோ. “எனக்குப் புடிச்சது இது ஒண்ணுதான். புடிச்சதத்தானே குடுக்கணும்?”

மாஸ்டர் என் பக்கம் திரும்பவில்லை. மேஜையிலிருந்து ஒரு நாப்கினை எடுத்து அவன் விரலில் சுற்றினார். நான் கஞ்சி போட்டு மடித்த நாப்கின்.

திரும்பும்போது கிதாரை அவனே தூக்கிக்கொண்டான். பாரிமுனை தாண்டும்வரை நான் அந்தோணியாரைத் திட்டிக்கொண்டே வந்தேன். காணாமல் போன சாவியெல்லாம் கண்டுபிடித்துக் கொடுக்கிறாராம், ஊரெல்லாம் செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி ஏற்றுகிறதாம், ஒருத்தன் நாற்பது நாள் உயிரை அடக்கிக்கொண்டு இருந்ததற்கு இதுதானா கூலி என்று. முன் சீட்டுக்காரம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“அவர ஏங்க்கா திட்றே?” என்றான் லியோ. “நான் கிதாரக் குட்த்தேன். அவரு வாங்கிகினாரு. வேலைய தர்றேன்னு அவரு எப்ப சொன்னாரு?”

எனக்கு அழுகை வந்தது. பொது இடம் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். அவன் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தான்.

மறுநாள் ஈஸ்டர் விருந்துக்கு எனக்கு வேலை. துணி அறைக்குக் கூடத்துச் சத்தம் நன்றாகக் கேட்கும். வேப்பேரிக்காரன் தப்பில்லாமல் வாசித்தான். கரண்டிகளும் தப்பில்லாமல் வேலை செய்தன. யாரும் சாப்பிடுவதை நிறுத்தவில்லை, யாருக்கும் தலையும் வலிக்கவில்லை. அவன்மேல் குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை லியோ தார்ப்பாய்க்குப் போனான். சாயங்காலம் வந்து கை கழுவி, கல்லில் தேய்த்து, துடைத்து, உட்கார்ந்தான். முதல் சில நாள் கேட்கச் சகிக்கவில்லை. ரம்பம் போடுகிற மாதிரி இருந்தது, மேல்வீட்டுப் பெண் ஒரு நாள் எட்டிக்கூடப் பார்த்தாள். அப்புறம் உரசல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது.

இரண்டாவது வாரக் கடைசியில் ஒரு நாள், நான் வேலையிலிருந்து வந்து தெருமுனை திரும்பும்போதே கேட்டது. அதே சத்தம். உருண்டையாக, ஈரமாக, அவசரமில்லாமல். முன்னைவிட நன்றாக இருந்ததோ என்றுகூடத் தோன்றியது. மாஸ்டர் முதலில் சொன்ன அந்த ஞாயிறு போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. என் கால் தெருவிலேயே நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு மலிகா, “இன்னாக்கா, உடம்பு சரியில்லியா?” என்று கேட்டபிறகுதான் நடந்தேன்.

உள்ளே அம்மா பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள். “டோரதி, கேட்டியா? அந்தோணியாரு திருப்பிக் குட்த்துட்டாரு பாரு!” என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. பையைத் தரையில் போட்டேன்.

“இப்ப யாருக்கும்மா வேணும் அது? யாருக்கு வேணும்?” என்று கத்தினேன்.

லியோ நிமிர்ந்து பார்த்தான். கை மட்டும் நிற்கவில்லை.

“எனக்கு வேணும்க்கா” என்றான்.

சொல்லிவிட்டு மறுபடியும் கம்பியைப் பார்த்துக் குனிந்துகொண்டான். நான் பையை எடுத்து வைத்துவிட்டு, அவனுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.